வேதநாயகரின் சமரசம்: மறைப்பா, சான்றா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கின் இலக்கிய மன்றத்தில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ பற்றிய கலந்துரையாடல் ஒன்று நடந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பெருமிதத்தோடு பேசினார். கர்நாடக இசை மேடைகளில் இன்றும் அக்கீர்த்தனைகள் ஒலிக்கின்றன; பாடுகின்றவரும் கேட்கின்றவரும் பெரும்பாலும் பிற சமயத்தார்; நம்மவர் ஒருவரின் பாடலுக்கு அவர்கள் கண்ணீர் மல்கத் தலையசைக்கிறார்கள்; இதைவிட நமக்கு வேறென்ன பெருமை வேண்டும் என்றார்.

பின்வரிசையிலிருந்து மற்றொருவர் எழுந்தார். வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிபவர். “பெருமைப்பட என்ன இருக்கிறது? அந்தப் பாடல்களில் கிறிஸ்துவின் பெயரே இல்லையே! முன்சீப் உத்தியோகத்தில் இருந்தவர், ஊரோடு ஒத்துப்போக வேண்டி விசுவாசத்தை வீட்டிலேயே வைத்துவிட்டார்” என்றார். மன்றம் சற்றுச் சலசலத்தது. கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தபின் அவரே என்னிடம் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “சாமி, நானும் அலுவலகத்தில் அப்படித்தான் இருக்கிறேன். ஞாயிறு பூசைக்கு வருகிறவன் என்பது அங்கே பலருக்குத் தெரியாது. வேதநாயகம் பிள்ளை செய்தது சரி என்றால் நான் செய்வதும் சரிதானே?”

அன்று அவருக்கு நான் தெளிவான மறுமொழி சொல்லவில்லை. “செபியுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டு அகலவில்லை. வேதநாயகரின் நூல்களை மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டு பல மாதங்கள் படித்தேன். இக்கட்டுரை, அவருக்கு அன்று தர இயலாமற்போன மறுமொழி.

மனிதரும் காலமும்

வேதநாயகம் பிள்ளை 1826 ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1889 இல் மறைந்தார். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் தொடங்கி, மாவட்ட முன்சீப்பாக உயர்ந்தார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார். பின்னர் மாயூரம் நகரசபைத் தலைவராகவும் பணியாற்றினார். தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879 இல் வெளிவந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1859 இல், ‘நீதிநூல்’ என்னும் செய்யுள் நூலை வெளியிட்டிருந்தார். சமரசக் கீர்த்தனை அச்சேறியது 1878 இல்.

இந்த 1878 என்னும் ஆண்டை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1864 இல், திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் தம் காலத்துப் பிழைக் கொள்கைகளைத் தொகுத்து ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தார். எந்தச் சமயத்தைப் பின்பற்றினாலும் ஒன்றே என்னும் கருத்தும், அரசும் திருச்சபையும் பிரிந்திருக்க வேண்டும் என்னும் கருத்தும் அப்பட்டியலில் கண்டிக்கப்பட்டிருந்தன. திருச்சபையின் அன்றைய பொது மனநிலை அரண் கட்டிக்கொண்ட கோட்டையின் மனநிலை. சமயச் சுதந்திரத்தைப் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை 1965 டிசம்பர் 7 அன்றுதான் வெளிவந்தது. அதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே காவிரிக் கரையில் ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர் தம் நூலுக்குச் ‘சர்வ சமய சமரசம்’ என்று பெயர் சூட்டினார் என்றால், அது சுலபமான வழியன்று. ஊரோடு ஒத்துப்போவதற்காகச் செய்தார் என்று நாம் சொல்லுமுன், அவர் தம் வீட்டாரோடு ஒத்துப்போகாமலிருக்கவும் துணிந்தவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவருடைய நட்பு வட்டமும் அத்தகையதே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சைவத்தில் ஊறியவர். அவர் வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் வேதநாயகரைப் புகழ்ந்து கீர்த்தனை இயற்றினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர்மீது வேதநாயகர் செய்யுள்கள் பாடினார். இவர்களுள் எவரும் தம் சமயத்தைக் கைவிட்டவர் அல்லர். மற்றவர் தம் சமயத்தைக் கைவிட வேண்டும் என்று எதிர்பார்த்தவரும் அல்லர்.

அந்த வட்டத்தின் உள்ளியல்பைக் காட்டும் காட்சி ஒன்று உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலில் உண்டு. 1876 பிப்ரவரியில் மகாவித்துவான் உயிர் பிரியும் வேளை. சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கர் பின்னிருந்து ஆசிரியரைத் தம்மேல் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருக்கிறார். அந்தண மாணாக்கரான சாமிநாதையர் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை வாசிக்கிறார். அந்த அறையில் சமரசம் பற்றி எவரும் சொற்பொழிவாற்றவில்லை. ஒருவர் தாங்கினார், ஒருவர் வாசித்தார். வேதநாயகரின் கீர்த்தனைகள் இத்தகைய காற்றில் பிறந்தவை. இதை மறந்துவிட்டு அவற்றைப் படிப்போர் ஒன்று அவற்றைக் கோழைத்தனம் என்பர். அல்லது எல்லாச் சமயமும் ஒன்றே என்று பறைசாற்றும் முழக்கம் என்பர். இரண்டுமே பிழையான வாசிப்பு என்பது என் துணிபு.

அச்சமா?

முதலில் அச்சம் என்னும் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். தம் நம்பிக்கையை மறைக்க விரும்பியவர் அதை அச்சிட்டு வெளியிடுவாரா? வேதநாயகர் ‘திருவருள் மாலை’, ‘திருவருள் அந்தாதி’, ‘தேவமாதா அந்தாதி’, ‘பெரியநாயகி அம்மை பதிகம்’ ஆகிய நூல்களைத் தம் பெயரிலேயே இயற்றினார். அன்னை மரியாவுக்கு அந்தாதி பாடியவரை மாயூரத்தில் எவரும் கத்தோலிக்கர் அல்லர் என்று எண்ணியிருக்க வழியில்லை. ஊரறிந்த கிறிஸ்தவர் அவர். பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார்; எல்லாரும் சேர்ந்து பாட வேண்டிய இடத்தில் எல்லாரும் பாடக்கூடிய சொல்லைத் தேர்ந்தார்.

ஆகவே அவரிடத்தில் இருவகை நூல்கள் உள்ளன. ஒன்று பீடத்தின் முன் முழந்தாளிட்டுப் பாடுவது. மற்றொன்று ஊர் மன்றத்தில் நின்று பாடுவது. முதல் வகை இல்லாமல் இரண்டாம் வகை மட்டும் இருந்திருப்பின் வட்டாட்சியர் அலுவலக அன்பரின் ஐயம் நியாயமானதே. முதல் வகை இருப்பதால் இரண்டாம் வகையை நாம் வேறு கண்கொண்டு பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எல்லாம் ஒன்றே என்பதா?

இரண்டாவது வாசிப்பும் அவ்வாறே நில்லாது. ‘சர்வ சமய சமரசம்’ என்னும் தொடரில் சமயங்கள் அனைத்தும் ஒன்றே என்ற கொள்கை அடங்கியிருப்பதாகச் சிலர் கொள்வர். நூலை முழுதும் படித்தால் கொள்கைகளை ஒப்பிடும் முயற்சியே அதில் இல்லை என்பது புலனாகும். எந்தச் சமயத்தின் கோட்பாட்டையும் அவர் எடைபோடவில்லை. எதையும் எதனோடும் சமன் செய்யவுமில்லை. படைத்தவர், காப்பவர், தீர்ப்பிடுபவர், ஏழைக்குத் துணையானவர் என்று கடவுளை விளித்து, அவர் முன் மனிதன் நிற்கும் நிலையைப் பாடுகிறார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் இசை மரபை ஏற்கிறார். தெலுங்குக் கீர்த்தனைகளே பெரிதும் கோலோச்சிய இசையுலகில் தமிழைத் தேர்கிறார். இங்கே ‘சமரசம்’ என்பது சமயங்களுக்கு இடையே செய்யப்பட்ட உடன்படிக்கையன்று. பாடுகின்ற மனிதரிடையே அமைந்த உடனிருப்பு. கருத்தால் வேறுபட்டவர்கள் ஒரே பந்தியில் அமர்வது போன்றது அது. பந்தியில் சேர்ந்து அமர்ந்ததாலேயே அவரவர் வீடு இல்லாமற்போவதில்லை.

நீதிமன்றத்தின் மொழி

அப்படியானால் வேதநாயகர் இந்தப் பொதுமொழியை எங்கே கற்றார்? என் வாசிப்பில் அதற்கான விடை கோவிலில் கிடைக்கவில்லை. அவருடைய நீதிமன்றத்தில் கிடைத்தது.

அவர் முதலில் ஒரு மொழிபெயர்ப்பாளர். 1862 இல் அவர் வெளியிட்ட ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூல், 1805 முதல் 1861 வரையிலான உயர்மன்றத் தீர்ப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழில் சுருக்கித் தந்தது. தன்மீது செலுத்தப்படும் சட்டம் தனக்கு விளங்காத மொழியில் இருக்குமானால், குடிமகனுக்கு அது சட்டமாக இராது. சுமையாக மட்டுமே இருக்கும் என்பதை அவர் தம் பணியிலேயே கண்டிருந்தார். ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் ஓரிடத்தில் இதே எண்ணம் கோபமாக வெளிப்படுகிறது. தமிழ் நாட்டில், தமிழ் மட்டுமே அறிந்த கட்சிக்காரரின் வழக்கில், தமிழ் அறிந்த நீதிபதியின் முன், தமிழரான வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதை நாவல் கடுமையாக எள்ளி நகையாடுகிறது. வழக்குக்கு உரியவனே தன் வழக்கில் என்ன நடக்கிறது என்று அறியாமல் திகைத்து நிற்கும் கொடுமையை அது நம் கண்முன் நிறுத்துகிறது.

இந்தப் பகுதியையும் சமரசக் கீர்த்தனையையும் அருகருகே வைத்துப் படித்தபோதுதான் எனக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. இரண்டும் ஒரே அறத்தின் இரு கிளைகள். பொது இடத்தில் பேசுகிறவன் கேட்பவனுக்கு விளங்கும் மொழியில் பேசக் கடமைப்பட்டவன். ஆங்கிலத்தில் வாதாடும் வழக்கறிஞர் செய்யும் அதே பிழையை, பொது மன்றத்தில் திருச்சபைச் சொற்களை மட்டுமே அடுக்குகின்ற நாமும் செய்கிறோம். அருள், மீட்பு, திருவருட்சாதனம் என்று நாம் பேசும்போது நமக்கு நெஞ்சு நிறைகிறது. எதிரில் இருப்பவரோ தமிழறியாத மன்றத்தில் நிற்கும் கட்சிக்காரரைப்போல விழிக்கிறார்.

மொழிபெயர்ப்பு மூலத்தை அழிப்பதில்லை. தீர்ப்பைத் தமிழாக்கியதால் மூலத் தீர்ப்பு இல்லாமற்போகவில்லை. கீர்த்தனையை ஊருக்குத் தந்ததால் அந்தாதி அழியவில்லை.

மேலை நாட்டிலும் அண்மைக்காலத்தில் இக்கருத்து பேசப்பட்டது. 2004 ஜனவரியில் மியூனிக் நகரின் கத்தோலிக்கக் கழகத்தில், சமய நம்பிக்கை அற்றவரான மெய்யியலார் யூர்கன் ஹாபர்மாஸும், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கரும் உரையாடினர். சமய மரபுகளில் உறைந்திருக்கும் அறப் பொருளைப் பொதுமொழிக்கு மாற்ற வேண்டும் என்றும், அந்த உழைப்பை நம்பிக்கையாளர்மீது மட்டும் சுமத்திவிட்டு மற்றவர் ஒதுங்கியிருத்தல் தகாது என்றும் ஹாபர்மாஸ் வாதிட்டார். மாயூரத்து முன்சீப் இதைக் கோட்பாடாக எழுதவில்லை. இராகம் அமைத்துப் பாடிவிட்டுப் போனார்.

பொதுமொழிக்கும் பல் உண்டு

பொதுமொழி என்றதும் உப்புச் சப்பற்ற மொழி என்று நினைக்க வேண்டியதில்லை. ‘நீதிநூல்’ கடவுளைப் போற்றித் தொடங்குகிறது. அதே நூல் கைக்கூலிக்குத் தனி அதிகாரம் ஒதுக்குகிறது. இன்று நாம் இலஞ்சம் என்கிறோமே, அதுதான். இதை எழுதியவர் யார்? அதே அரசாங்கத்தில் சம்பளம் வாங்கிய அலுவலர். படித்தவர்கள் யார்? அவரோடு அமர்ந்து அலுவல் பார்த்தவர்கள். கிறிஸ்துவின் பெயர் அந்த அதிகாரத்தில் இல்லைதான். ஆனால் அதைப் படித்த எழுத்தரோ அமீனாவோ நெளியாமல் இருந்திருக்க முடியாது. பெயர் சொல்லாத இடத்திலும் நம்பிக்கைக்குப் பல் இருந்தது.

அவ்வாறே 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தையும் எண்ண வேண்டும். பல இலட்சம் மக்கள் மடிந்த காலம் அது. அவருடைய கீர்த்தனைகளுள் பஞ்சத்தைத் தீர்க்கும்படி இறைவனிடம் முறையிடுபவையும் உள்ளன. முறையிட்டதோடு அவர் நிற்கவில்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். கஞ்சிக்கு ஏந்தப்பட்ட கைகளின் சமயத்தை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை அறிந்த நமக்கு, அந்தக் கஞ்சியில் யாருடைய பெயர் எழுதியிருந்தது என்பது தெரியும். பாடியவருக்கும் தெரிந்திருக்கும்.

குறை எங்கே?

இதுவரை சொன்னதை வைத்து வேதநாயகருக்கு வெறும் புகழ்மாலை சூட்டுகிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். திறனாய்வு என்பது நிறையோடு குறையையும் காட்ட வேண்டும். அவருடைய சமரசத்தில் இரு குறைகள் எனக்குத் தென்படுகின்றன.

முதலாவது இறையியல் சார்ந்தது. திருத்தூதர் பணிகள் பதினேழாம் அதிகாரத்தில் பவுல் ஏதென்சு நகரின் அரயோப்பாகு மன்றத்தில் நிற்கிறார். அறியாத தெய்வத்துக்கென அவர்கள் எழுப்பியிருந்த பீடத்திலிருந்து தொடங்குகிறார். அவர்களுடைய கவிஞர்களையே எடுத்துக் காட்டுகிறார். இதுவரை அது வேதநாயகரின் வழியே. ஆனால் பவுல் அங்கே நிற்கவில்லை, உயிர்த்தெழுதலைச் சொல்கிறார். சொன்னவுடன் சிலர் ஏளனம் செய்கின்றனர். சிலர் பிறகு கேட்போம் என்கின்றனர். தியோனிசியு, தாமரி முதலிய சிலர் மட்டும் நம்புகின்றனர். கீர்த்தனைகளைக் கேட்டு எவரும் ஏளனம் செய்வதில்லை. அதுவே அவற்றின் வெற்றி. அதுவே அவற்றின் எல்லை. அவற்றில் வரும் கடவுள் படைப்பவர், கொடுப்பவர், தீர்ப்பிடுபவர். துன்புறும் கடவுளை, சிலுவையில் தோற்றுக் கிடக்கும் கடவுளை அங்கே காண்பது அரிது. மொழிபெயர்க்க இயலாத மிச்சம் ஒன்று நம் நம்பிக்கையில் உண்டு. அதைப் பாடலில் வைக்க முடியாது என்று வேதநாயகர் எண்ணினார் போலும். அந்த மிச்சத்தை வாழ்வு ஒன்றே மொழிபெயர்க்க முடியும்.

இரண்டாவது குறை சமூகம் சார்ந்தது. ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் மாந்தர் பெரும்பாலும் வசதியான குடும்பத்தினர். ஞானாம்பாள் ஆண் உடையில் அரசாண்டு நீதி செலுத்துகிறாள். பெண்ணுக்கு அத்தகைய அறிவையும் ஆற்றலையும் அக்காலத்தில் அளித்தது பெருஞ்செயல். பெண் கல்விக்காக அவர் தனி நூலே எழுதியவர். ஆயினும் அந்த நாட்டின் வயலில் உழைத்தவன், ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவன், கதையின் நடுவே வந்து தன் வழக்கைத் தானே பேசுவதில்லை. சமயங்களிடையே சமரசம் பேசிய எழுத்தில் சாதிப் படிநிலையின் அடித்தட்டு மங்கலாகவே தெரிகிறது. இது அவர் ஒருவரின் குறையன்று. அவர் காலத்தின் குறை, நம் திருச்சபையின் நெடுங்காலக் குறை.

இதைச் சொல்லும்போது என்னையும் நான் கூண்டில் ஏற்றியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் ஊரில், ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் இறந்தோரைப் பொதுப் பாதை வழியே கல்லறைக்குக் கொண்டுசெல்வதில் தகராறு எழுந்தது. தடுத்தவர்களில் பிற சமயத்தாரும் இருந்தனர்; என் பங்கு மக்களும் இருந்தனர். அதிகாரிகள் அமைதிக் கூட்டம் கூட்டினர். எனக்கும் பேச வாய்ப்பளித்தனர். எல்லாச் சமயங்களும் அன்பையே போதிக்கின்றன, நாம் அனைவரும் ஒரு தாய் மக்கள் என்று பேசினேன். நல்ல கைதட்டல் கிடைத்தது. பாதையைப் பற்றி ஒரு சொல்லும் நான் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் எல்லாரும் தேநீர் அருந்தினோம். அடுத்த சவம் வயல் வரப்பின் வழியேதான் போயிற்று.

அன்று நான் பேசியது வேதநாயகரின் சமரசம் அன்று. அவர் கைக்கூலி என்ற சொல்லைச் சொன்னார். நான் பாதை என்ற சொல்லைச் சொல்லவில்லை. எவரையும் நெளியவைக்காத சமரசம், தாளம் தப்பாத மௌனமே.

நம் நாட்டின் பொது மன்றம்

நம் நாட்டின் மதச்சார்பின்மை நம்பிக்கையை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறதா? 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் சமயத்தைப் பரப்பும் உரிமை குறித்து விவாதம் நடந்தது. அவ்வுரிமையை ஆதரித்துப் பேசியவர்களுள் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். தாம் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தும் தம்மை மதம் மாற்ற எம்முயற்சியும் நடைபெறவில்லை என்று அவர் எடுத்துரைத்தார். அன்று நமக்காகச் சான்று பகர்ந்தவர் நம் சமயத்தவர் அல்லர். வகுப்பறைகளில் ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்த அமைதியான தொண்டு, வேறொருவர் வாயிலாக நாட்டின் மன்றத்தில் பேசிற்று.

அந்த விவாதத்தின் பயனாக அமைந்த 25 ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, அறநெறி, உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டுச் சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. 1976 இல் 42 ஆம் திருத்தத்தால் மதச்சார்பின்மை என்னும் பொருளுடைய சொல் அரசியல் சாசனத்தின் முகப்புரையில் சேர்ந்தது. அரசுக்குச் சமயம் இல்லை என்றுதான் அது சொல்கிறது. குடிமகனுக்கு இருக்கலாகாது என்று சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில், உலகியல் துறைகளுக்கு உரிய தன்னாட்சியை ஏற்கிறது; அதே ஏட்டில், அறிக்கையிடும் நம்பிக்கைக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையிலான பிளவை நம் காலத்தின் பெரும் பிழைகளுள் ஒன்றாகக் கண்டிக்கிறது.

இந்தப் பிளவு நம்மிடையே எவ்வாறு உள்ளது? வாகனத்தின் கண்ணாடியில் திருவசனம் ஒட்டுகிறோம். அலுவலக மேசையில் மாதாவின் படம் வைக்கிறோம். ஆனால் அந்த மேசையின்மீது ஏழையின் கோப்பு நகர மறுக்கிறது. தேர்தல் வந்தால் நம் எண்ணிக்கையைக் கணக்கிட்டுத் தொகுதி கேட்கிறோம். நியாய விலைக் கடையில் எடை குறைந்தால் வாய் திறவோம். பெயர் எங்கும் ஒலிக்கிறது, பெயருக்குரியவரைத்தான் காணோம். வேதநாயகர் செய்தது இதற்கு நேர் எதிர். பெயரைப் பீடத்தின் முன் நிறைவாகச் சொன்னார்; அலுவலகத்தில் அந்தப் பெயருக்குரிய நீதியைச் செய்தார்.

ஒரு மறுமொழி

என் பங்கு அன்பரின் கேள்விக்கு வருகிறேன். வேதநாயகம் பிள்ளை செய்தது சரி என்றால் நான் செய்வதும் சரிதானே என்றார் அவர்.

அன்பரே, உங்களிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். தேவமாதா அந்தாதிக்கு இணையாக உங்களிடம் ஏதேனும் உண்டா? அதாவது, வீட்டிலும் கோவிலிலும் அந்தப் பெயரை மனம் நிறைந்து சொல்கிறீர்களா? உங்கள் மேசைக்கு வரும் கைம்பெண் உங்களுக்கு விளங்கும் மொழியில் அன்றித் தனக்கு விளங்கும் மொழியில் நியாயம் பெற்றுச் செல்கிறாளா? கையூட்டு என்ற சொல் உங்கள் அறையில் ஒலிக்கும்போது உங்களால் எவரேனும் நெளிகின்றனரா? மூன்றுக்கும் ஆம் என்றால், நீங்கள் சமயத்தை மறைத்தவர் அல்லர், வேதநாயகரின் வழிவந்தவர். ஒருநாள் ஒருவர் உங்களிடம், நீங்கள் ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். அன்று பெயரைச் சொல்லுங்கள். தயங்காதீர்கள், ஏளனம் செய்பவர் இருப்பர், பிறகு கேட்போம் என்பாரும் இருப்பர். இல்லை என்றால், பெயரைச் சொல்லியும் பயனில்லை. சொல்லாமையைச் சமரசம் என்று அழைக்கவும் நமக்கு உரிமையில்லை.

இக்கேள்விகளை உங்களிடம் கேட்கும் நான், அமைதிக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கியவன். முதல் கேள்விக்கு எனக்கு விடை எளிது. மூன்றாவதுக்கு அன்று நான் தோற்றேன். ஆகவே ஆசிரியராக நின்று இதைச் சொல்லவில்லை. உங்கள் அருகே அதே வரிசையில் நின்று சொல்கிறேன்.

வேதநாயகரின் கீர்த்தனை அடுத்த முறை எங்கேனும் ஒலிக்கக் கேட்டால், ‘நம்மவர் பாட்டு’ என்று பெருமைப்படுவதற்கு முன் நாம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மாயூரத்து மக்கள் அந்தப் பாடலைக் கேட்டபோது, பாடலை இயற்றியவர் தங்கள் வழக்கில் எப்படித் தீர்ப்பளித்தார் என்பதையும் அறிந்திருந்தார்கள். பாடலுக்குப் பொருள் தந்தது அந்தத் தீர்ப்பே. நம் செபங்களுக்குப் பொருள் தர நம்மிடம் என்ன இருக்கிறது?